கொழுந்து பறிக்கப் பழகுவது போல: கிரேக்கர் சொன்ன நற்குணங்களைக் கைவசப்படுத்தும் முறை

அரிஸ்டாட்டில் ஒருவகை நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறார். மருத்துவர் கூறுவதை அவர்கள் மிகுந்த கவனத்துடன் கேட்டுக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனதும் அவற்றில் ஒன்றைக்கூடச் செய்யமாட்டார்கள். நற்குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதாலேயே நல்லவராகிவிடலாம் என்று நம்புகிறவர்களும் அத்தகையவர்களே என்பது அவருடைய கருத்து. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் சொல்லப்பட்ட இந்த உவமை, பளிங்குச் சிலையின் படத்தோடு காலை வணக்கம் சொல்லும் கைபேசிச் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது. நாம் திரும்பத் திரும்பச் செய்வது எதுவோ அதுவே நாம் என்ற வாக்கியம் அரிஸ்டாட்டிலின் பெயரால் அச்செய்திகளில் ஓயாமல் உலவுகிறது. அதை அவர் எழுதவில்லை. வில் டியூரன்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1926-இல் அவருடைய கருத்தைச் சுருக்கிச் சொல்லும்போது எழுதியது அது. கருத்தில் பிழையில்லை. படித்து முடித்து அடுத்தவருக்கு அனுப்பியதோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் அந்த நோயாளி செய்யும் பிழை.

எனவே இந்தக் கட்டுரையைச் செய்முறைக் குறிப்பாக எழுதுகிறேன். வேண்டிய பொருட்கள் குறைவு: எண்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று, உங்களை நெருக்கமாக அறிந்த ஒருவர், குறைந்தது மூன்று மாதப் பொறுமை. நான் கோத்தகிரிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஒன்றரை ஏக்கர் தேயிலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். பள்ளியில் நான் நடத்தியது கணக்குப் பாடம். கிரேக்கர்களைப் பணி ஓய்வுக்குப் பிறகே படிக்கத் தொடங்கினேன். ஆதலால், செய்து பார்த்துத் தோற்றவற்றையும் ஓரளவு தேறியவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்கள்

கிரேக்க மொழியில் நற்குணத்தைக் குறிக்கும் சொல் ‘அரெத்தே’. ஒலியைக் கேட்டதும் அதை நம் ‘அறம்’ என்ற சொல்லோடு உறவுபடுத்த ஆசை வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. கண்ணுக்கும் குதிரைக்கும்கூட அரெத்தே உண்டு என்கிறார் அரிஸ்டாட்டில். நன்றாகப் பார்ப்பது கண்ணின் அரெத்தே. நன்றாக ஓடுவதும், தன்மீது இருப்பவரைச் சுமந்துகொண்டு பகைவருக்கு முன் அஞ்சாது நிற்பதும் குதிரையின் அரெத்தே. அந்தக் கணக்கில், கிளையைச் சிதைக்காமல் ஒரே வெட்டில் கவாத்து செய்யும் கத்திக்கும் அரெத்தே உண்டு. தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் ‘மாட்சி’ என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசனிடம் இருக்க வேண்டிய சிறப்புகளைச் சொல்லும் அதிகாரத்துக்கு இறைமாட்சி என்று பெயர் வைத்திருக்கும் குறளை நினைத்துக்கொண்டால் பொருள் எளிதில் பிடிபடும். ஒரு மனிதன் மனிதனாக இருந்து செய்ய வேண்டியதைச் செம்மையாகச் செய்ய உதவும் உள்ளத்தின் மாட்சியே இங்கே பேசப்படுகிறது.

இரண்டாவது சொல் ‘யூடைமோனியா’. மகிழ்ச்சி என்று இதைப் பெயர்ப்பது வழக்கம். ஆனால் தேயிலை ஏலத்தில் நல்ல விலை கிடைத்த அன்று வரும் மகிழ்ச்சியை இச்சொல் குறிப்பதில்லை. ஒரு வாழ்க்கை முழுவதுமாகச் செம்மையாக நடந்தது என்று சொல்லத்தக்க நிலையைக் குறிக்கிறது. ஒரே ஒரு தகைவிலான் குருவி பறந்து வந்துவிட்டதால் வசந்தம் வந்துவிடாது, ஒரு நல்ல நாளால் வாழ்வு நிறைந்துவிடாது என்று அரிஸ்டாட்டில் இதைத்தான் சொன்னார். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரிவில் ஒரு செடி மட்டும் நீலமாகப் பூத்திருந்தால் நாம் அதைக் குறிஞ்சி ஆண்டு என்பதில்லை. 2018-இல் பூத்தது போல மலையே பூக்க வேண்டும்.

பிறவிக் குணமா, பழக்கமா

‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று தொடங்கும் ஔவையார் தனிப்பாடலைப் பள்ளியில் நாம் அனைவரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். அதன் முடிவைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். கலையும் கல்வியும் நடையும் பழக்கத்தால் வரும் என்று சொல்லிக்கொண்டு வந்த பாடல், நட்பு, கொடை முதலியவற்றுக்கு வந்ததும் அவை பிறவிக் குணம் என்று முடித்துவிடுகிறது. பாடலின் முற்பகுதியை அரிஸ்டாட்டில் அப்படியே ஏற்றுக்கொள்வார், முடிவை மறுப்பார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனாகிறான், யாழ் மீட்டி மீட்டித்தான் பாணனாகிறான். அவ்வாறே கொடுத்துக் கொடுத்துத்தான் கொடையாளியும், அஞ்ச வேண்டிய இடத்தில் நின்று நின்றுதான் வீரனும் உருவாகிறார்கள் என்பது அவருடைய வாதம். பிறவியால் அமைந்ததைப் பழக்கம் மாற்றாது என்பதற்கு அவர் கல்லைக் காட்டுகிறார்: கீழ்நோக்கி விழுவது கல்லின் இயல்பு, பத்தாயிரம் முறை மேலே எறிந்து பழக்கினாலும் அது மேலே போகக் கற்றுக்கொள்ளாது. மனிதனோ கற்றுக்கொள்கிறான். ஆகவே குணம் பிறவியோடு வந்ததாக இருக்க முடியாது. அதைப் பெற்றுக்கொள்ளும் தகுதிதான் பிறவியோடு வருகிறது.

இது எனக்கு நூலால் விளங்கியதைவிடத் தோட்டத்தால் நன்கு விளங்கியது. புதிதாகக் கொழுந்து பறிக்க வரும் பெண்ணின் கூடையில் முதல் வாரம் முற்றிய இலையும் தண்டும் கலந்தே கிடக்கும். பக்கத்து வரிசையில் பறிக்கும் மூத்தவர் ஒருவர் அவ்வப்போது அவர் கையைப் பிடித்துக் காட்டுவார். மேற்பார்வை செய்பவர் கடிந்துகொள்வார். விரல் நுனிகள் கறுத்துப்போகும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அதே கை, பேசிக்கொண்டே, செடியைப் பாராமலே, இரண்டு இலையையும் மொட்டையும் மட்டும் கிள்ளி எடுக்கும். யோசித்துச் செய்தது யோசியாமலே வருகிற இந்த நிலைபெற்ற தன்மையைத்தான் கிரேக்கர் ‘ஹெக்ஸிஸ்’ என்றார்கள். குணம் என்பது அத்தகைய ஒரு நிலைபேறு. கொழுந்து பறிக்கும் கலையைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர் யாரும் இம்மலையில் இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாகாது. சிலர் இயற்கையாகவே அடிமைகள் என்றும், பெண்களின் சிந்தனைக்கு ஆளும் வலிமை இல்லை என்றும் எழுதியவரும் இதே அரிஸ்டாட்டில்தான். 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்து இம்மலையில் காடு கழனி கண்ட குடும்பங்களின் பெண்களை அவர் பார்த்திருந்தால், அவர்களுடைய கைகளை உவமையாக எடுத்துக்கொண்டு அவர்களை மட்டும் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியிருப்பார். அவருக்குரிய மறுப்பு கிரேக்கத் தத்துவத்துக்குள்ளேயே இருக்கிறது. கால் ஊனமுற்று, அடிமையாக வாழ்ந்து, பின் விடுதலை பெற்று ஆசானான எபிக்டெட்டஸ், பிற்காலத்தில் ரோமப் பேரரசராக இருந்த மார்க்கஸ் அரேலியஸ் மதித்துப் படித்த ஆசிரியராக விளங்கினார். முறையை அரிஸ்டாட்டிலிடம் எடுத்துக்கொள்வோம். அந்த முன்முடிவை அவரிடமே விட்டுவிடுவோம்.

ஒரே ஒரு குறை

நோட்டின் முதல் பக்கத்தில் உங்களிடம் உள்ள குறைகளையெல்லாம் பட்டியலிடத் தோன்றும். வேண்டாம். நற்குணங்கள் யாவும் அடிப்படையில் ஒரே அறிவுதான் என்ற திசையில் சாக்ரடீஸின் உரையாடல்கள் நம்மை இழுத்துச் செல்லும். அது கோட்பாட்டுக்குச் சரியாக இருக்கலாம், பயிற்சிக்கு உதவாது. தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் கவாத்து செய்தால் அந்த ஆண்டு அடுப்பெரியாது. பகுதி பகுதியாகத்தான் வெட்டுகிறோம். குறையையும் அப்படி ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுப்பது என்பதைக் கண்டுபிடிக்க முதல் வாரம் முழுவதையும் ஒதுக்குங்கள். இந்த வாரத்தில் எதையும் திருத்த முயலக் கூடாது. கவனித்து எழுத மட்டும் வேண்டும். அரிஸ்டாட்டில் தரும் அளவுகோல் எளியது: ஒரு செயலோடு சேர்ந்து வரும் இன்பமோ துன்பமோதான் உள்ளே இருக்கும் குணத்தின் அடையாளம். உடலின்பங்களை விட்டொழித்ததில் மகிழ்கிறவனே அடக்கமுடையவன். விட்டுவிட்டுப் புழுங்குகிறவன் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. எனவே, வேலைக்கு வந்தவர் கேட்ட முன்பணத்தைக் கொடுத்தீர்களா என்று எழுதினால் போதாது. கொடுத்தபின் இரவில் அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தீர்களா என்பதையும் எழுத வேண்டும். ஏழு நாள் எழுதினால் ஒரே மாதிரியான வரி மூன்று நான்கு இடங்களில் தென்படும். உங்கள் குறை அதுதான்.

அது தென்படவில்லை என்றால் வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். நான் என் மனைவியைக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே ‘கோபம்’ என்றார்.

கோடு போடுதல்

அடுத்த பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு குணமும் மிகுதி, குறைவு என்ற இரண்டு குற்றங்களுக்கு நடுவில் இருக்கிறது என்பது அரிஸ்டாட்டிலின் புகழ்பெற்ற கருத்து. வீரத்துக்கு ஒருபுறம் கோழைத்தனம், மறுபுறம் கண்மூடித்தனமான துணிச்சல். ஈகைக்கு ஒருபுறம் கஞ்சத்தனம், மறுபுறம் ஊதாரித்தனம். தன்னைப் பற்றிய உண்மைக்கு ஒருபுறம் தற்பெருமை, மறுபுறம் போலிப் பணிவு. நகைச்சுவைக்குக்கூட அவர் ஒரு கோடு போட்டிருக்கிறார். எதற்கெடுத்தாலும் கோமாளித்தனம் செய்பவர் ஒரு முனையிலும், தாமும் சிரியாமல் பிறர் சிரிப்பதையும் பொறுக்காதவர் மறுமுனையிலும் நிற்கிறார்கள். உங்கள் குறைக்கு இரண்டு முனைகளையும் கண்டுபிடித்து எழுதி, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள்.

இந்தக் கருத்தை ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்ற பழமொழியோடு ஒன்றாக்கிவிடுவது பலரும் செய்யும் தவறு. டெல்ஃபி கோயிலில் பொறித்திருந்த ‘எதிலும் மிகை வேண்டாம்’ என்ற வாசகம் அந்தப் பழமொழிக்கு நெருக்கமானது. அரிஸ்டாட்டில் சொல்வது வேறு. பத்து மினா எடை உணவு மிகுதி, இரண்டு மினா குறைவு என்றால், பயிற்சி ஆசான் எல்லோருக்கும் ஆறு என்று விதிக்கமாட்டார். மல்லன் மைலோவுக்கு அது காணாது, அன்றுதான் களத்துக்கு வந்தவனுக்கு அது அதிகம் என்று அவரே விளக்குகிறார். கேத்தி பாலாடாவில் கேரட் மூட்டை தூக்கும் பழுத்த தொழிலாளியையும், விடுமுறைக்கு அவருக்கு உதவ வந்த மகனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இது உடனே புரியும். நடு என்பது கூட்டி இரண்டால் வகுத்து வருவதில்லை. கணக்கு வாத்தியாராகிய எனக்கு இதை ஏற்றுக்கொள்ளச் சற்றுக் காலம் பிடித்தது. இன்னொன்று: பொறாமை, திருட்டு, கொலை போன்றவற்றுக்கு நடு என்பதே கிடையாது என்றும் அவர் எச்சரிக்கிறார். அளவாகத் திருடுவது என்று ஒன்று இல்லை.

கோபத்தை எடுத்துக்கொண்டு இதை விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் எனக்கு மிகவும் பழக்கமான இடம் அது. மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் ஏறும் மே மாத நாள் ஒன்றில், மேட்டுப்பாளையத்தில் உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோத்தகிரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வந்த கார் ஒன்றைக் கொண்டை ஊசி வளைவிலேயே நிறுத்திவிட்டு அதன் ஓட்டுநர் பள்ளத்தாக்கைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. பாரத்தோடு வளைவில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி கிளப்புவது எத்தனை சிரமம் என்பது இங்கே ஓட்டுபவர்களுக்குத் தெரியும். நான் இறங்கிப்போய்க் கத்தினேன். அவர் மன்னிப்புக் கேட்ட பின்னும் நிறுத்தவில்லை. அவருடைய படிப்பு, ஊர், வளர்ப்பு எல்லாவற்றையும் இழுத்தேன். திரும்பும்போதுதான் பார்த்தேன், பின்னிருக்கையில் ஆறேழு வயதுக் குழந்தை ஒன்று இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அன்றிரவு நோட்டில் அரிஸ்டாட்டில் கேட்கும் கேள்விகளை வரிசையாக எழுதினேன். கோபப்படுவது யாருக்கும் எளிது. உரியவரிடம், உரிய அளவில், உரிய நேரத்தில், உரிய காரணத்துக்காக, உரிய முறையில் கோபப்படுவதுதான் அரிது என்பது அவர் வாக்கு. உரியவரா? ஆம், வண்டியை நிறுத்தியவர் அவர்தான். காரணம் உரியதா? ஆம். நேரம்? ஆம், எனக்குப் பின்னால் பேருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. அளவு? இல்லை. முறை? இல்லவே இல்லை. ஐந்தில் மூன்று மதிப்பெண். நூற்றுக்கு அறுபது என்றால் பள்ளியில் தேர்ச்சிதான். ஆனால் அந்தக் குழந்தையின் காதை மூட வைத்தவை மற்ற இரண்டும்தான். உங்கள் குறை எதுவாயினும் இந்த ஐந்து கேள்விகளையும் தனித்தனியே கேளுங்கள். ‘கோபப்பட்டது தவறு’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் எதைத் திருத்துவது என்றே தெரியாமல் போய்விடும்.

கோலை எதிர்ப்பக்கம் வளைத்தல்

நடுவை நேரே குறிவைத்து அடிக்க முடியாது என்பதை அரிஸ்டாட்டில் ஒப்புக்கொள்கிறார். அதற்கு அவர் தரும் வழி, இந்தக் கட்டுரையில் உள்ள அனைத்திலும் பயன் மிக்கது என்று நான் கருதுகிறேன். நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதை அறிந்துகொண்டு, கோணிப்போன மரத்தை நிமிர்த்துகிறவர்கள் செய்வதுபோல எதிர்ப்பக்கமாக நம்மை நாமே இழுக்க வேண்டும் என்கிறார். நேராக்க வேண்டிய கோலை நேர்நிலை வரைக்கும் மட்டும் வளைத்து விட்டால் அது பழைய கோணலுக்கே திரும்பிவிடும். அதைத் தாண்டி வளைத்துப் பிடித்தால்தான் விட்டபிறகு நேராக நிற்கும்.

இதை அறிந்தபின் எனக்கு நெடுநாளாக இருந்த ஒரு குழப்பம் தீர்ந்தது. கோபத்துக்கு உரிய இடம் உண்டு, கோபப்பட வேண்டியதற்குக் கோபப்படாதவன் அறிவிலி என்றே கருதப்படுவான் என்கிறார் அரிஸ்டாட்டில். கோபத்தை வேரோடு களைய வேண்டும் என்கிறார்கள் ஸ்டோயிக்குகள். கி.மு. 300 அளவில் ஏதென்ஸின் ஓவியத் தாழ்வாரம் ஒன்றில் சீனோ தொடங்கிய மரபு அது. யார் சொல்வதைக் கேட்பது? என்னைப்போல் கோபத்தின் பக்கம் சாய்ந்தவர்கள், சேர வேண்டிய இடத்துக்கு அரிஸ்டாட்டிலையும், அங்கே போகும் பயிற்சிக்கு ஸ்டோயிக்குகளையும் வைத்துக்கொள்ளலாம். ஒருபோதும் கோபப்படாமல் இருக்க முயன்றால்தான் நாங்கள் அளவான கோபத்துக்கு வந்து நிற்போம். இதற்கு மாறாக, கோபமே வராதவர்களுக்கு ஸ்டோயிக் பயிற்சியைப் பரிந்துரைக்க மாட்டேன். பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் ஈரம் என்று சொல்லிக் கூடுதலாகக் கிலோ பிடித்தாலும் வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து வருந்துகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குரிய பயிற்சி, வாரத்துக்கு ஒருமுறையாவது, குரல் நடுங்கினாலும், ‘மறுபடி ஒருமுறை எடை போடுங்கள்’ என்று கேட்பதே.

கஞ்சத்தனத்தின் பக்கம் சாய்ந்தவர் மூன்று மாதத்துக்குச் சற்றுக் கை தாராளமாகவே இருக்கட்டும். கையில் காசு நில்லாதவருக்கு எபிகூரஸ் உதவுவார். ஆசைகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: இயற்கையானவையும் தேவையானவையும்; இயற்கையானவை, ஆனால் தேவையற்றவை; இரண்டும் அல்லாதவை. வாங்கும் முன் பொருளின் பெயருக்கு எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டால் போதும். இன்பமே வாழ்வின் நோக்கம் என்று சொன்ன அந்த மனிதர், விருந்து உண்ணத் தோன்றும்போது உண்பதற்காக ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்புமாறு நண்பரைக் கேட்டிருக்கிறார். மாலைத் தேநீரோடு இரண்டு வர்க்கி கிடைத்தால் போதும் என்றிருக்கும் நம் ஊர் முதியவர்களை அவர் தம் பள்ளி நடந்த தோட்டத்தில் மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டிருப்பார்.

நாட்களை எண்ணுதல்

இனி அன்றாட வேலை. ஸ்டோயிக் ஆசானான எபிக்டெட்டஸ் தம் மாணவர்களுக்குச் சொன்ன முறை இது: கோபப்படாத நாட்களை எண்ணிக்கொண்டு வாருங்கள், முன்பு தினமும் கோபப்பட்டேன், பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை, முப்பது நாள் தொடர்ந்து தப்பிவிட்டால் கடவுளுக்குப் பலி கொடுங்கள். நோட்டில் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, முப்பது கட்டங்கள் போட்டு, தவறிய நாளில் பெருக்கல் குறி இடுங்கள். தவறினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். என்னுடைய மிக நீண்ட தொடர் பத்தொன்பது நாள்.

காலையில் ஐந்து நிமிடம் வேண்டும். குளிக்கப் பொதுக் குளியலறைக்குப் போகும் முன் அங்கே என்னவெல்லாம் நடக்கும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறார் எபிக்டெட்டஸ்: தண்ணீர் தெளிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், பொருளைத் திருடுவார்கள். குளிக்கவும் வேண்டும், என் மனநிலையைக் காத்துக்கொள்ளவும் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கிளம்ப வேண்டும். நான் வண்டிச் சாவியை எடுக்கும்போது இதைச் செய்கிறேன். இ-பாஸ் சோதனை இடத்தில் வரிசை நிற்கும்; வளைவில் யாராவது முந்துவார்; சாலையோரத்தில் குரங்குக்குப் பொரி போடுவதற்காக ஒரு கார் நிற்கும்; வீடு போய்ச் சேரவும் வேண்டும், கத்தாமல் போய்ச் சேரவும் வேண்டும். நடக்கப்போவதை முன்பே பார்த்துவிட்டதால், நடக்கும்போது அது என்மேல் செய்யப்பட்ட குற்றமாகத் தோன்றுவதில்லை.

இதோடு சேர்ந்தது, எபிக்டெட்டஸின் கையேட்டுக்கு முதல் வரியாக அமைந்த பாகுபாடு: சில நம் கையில் உள்ளவை, சில இல்லாதவை. தேயிலைக்காரர்களுக்கு இதைவிடப் பொருந்திய பாடம் இருக்க முடியாது. குன்னூர் ஏலத்தில் என்ன விலை போகும் என்பது என் கையில் இல்லை. மார்கழி, தை இரவுகளில் உறைபனி இறங்கிச் செடியைக் கருக்குவதும் என் கையில் இல்லை. இளஞ்செடிகளைத் தழை கொண்டு மூடுவதும், விடியலில் வெயில் படும் முன் தண்ணீர் தெளிப்பதும், முற்றவிடாமல் உரிய நாளில் பறிப்பதும் என் கையில் இருக்கின்றன. நோட்டின் வலப்பக்கத்தில் கையில் உள்ளதையும், இடப்பக்கத்தில் இல்லாததையும் எழுதுங்கள். வலப்பக்கத்தில் உள்ளதைச் செய்யாமல் இடப்பக்கத்தைப் பற்றி எத்தனை மணி நேரம் பேசினோம் என்பது தானாகவே தெரிந்துவிடும். ஆனால் இந்தப் பாகுபாட்டைப் பிறர்மேல் சுமத்தாதீர்கள். நற்குணம் ஒன்றே நல்வாழ்வுக்குப் போதும் என்ற ஸ்டோயிக் முடிவை நான் ஏற்கவில்லை. ஓரளவு பொருளும் நண்பர்களும் நலமும் இன்றி நல்வாழ்வு அமையாது என்ற அரிஸ்டாட்டிலோடுதான் நிற்கிறேன். கூலி போதவில்லை என்று சொல்பவரிடம் ‘அது உங்கள் கையில் இல்லை’ என்று தத்துவம் பேசுவது, அது நம் கையில் இருக்கிறது என்பதை மறைப்பதற்கே உதவும்.

இரவில் மூன்று கேள்விகள். பித்தாகரஸ் வழியினரின் பாடலிலிருந்து எபிக்டெட்டஸ் எடுத்துச் சொன்னவை அவை: எதில் தவறினேன், எதைச் செய்தேன், செய்ய வேண்டிய எதைச் செய்யாமல் விட்டேன். மூன்று வரிக்கு மேல் எழுத வேண்டாம். நீளமாக எழுதினால் தன்னிரக்கம் புகுந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் அமைதியான இடம் வேண்டாமா என்று சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. மலையில் இருப்பதால் உனக்கு எளிது என்பார்கள். மார்க்கஸ் அரேலியஸ் தமக்குத் தாமே கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகளில், மக்கள் நாட்டுப்புறத்திலும் கடற்கரையிலும் மலைகளிலும் ஒதுங்கிடம் தேடுகிறார்கள், ஆனால் வேண்டும் நேரத்தில் தன்னுள்ளேயே ஒதுங்கிக்கொள்ள ஒருவனால் முடியும் என்கிறார். வளைவில் நின்று நான் கத்திய இடத்திலிருந்து பார்த்தால் பவானி ஆற்றுச் சமவெளி வரை தெரியும். அத்தனை அழகான இடத்தில்தான் கத்தினேன்.

உப்பு உண்ட நண்பர்

நோட்டு உங்களிடம் மட்டும் இருந்தால் அது பொய் சொல்லத் தொடங்கும். நம் தவறுக்கு நாமே வழக்கறிஞராகிவிடுவோம். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை அதை இன்னொருவரிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். யாரிடம்? அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பிரிக்கிறார். பயன் கருதிய நட்பு, பயன் தீர்ந்ததும் தீரும். இன்பம் கருதிய நட்பு, சுவை மாறியதும் மாறும். ஒருவருடைய குணத்துக்காகவே அவரை விரும்பும் நட்புதான் நிலைக்கும். அது அரிது, அதற்குக் காலமும் வேண்டும், ஏனெனில் பழமொழி சொல்லும் அளவு உப்பை ஒன்றாக உண்ணும்வரை ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லும் நமக்கு இந்த உப்பு அந்நியமானதன்று. ஆனால் நம் பழமொழி நன்றியைச் சொல்கிறது. கிரேக்கரின் பழமொழி நாட்பட்ட அறிமுகத்தைச் சொல்கிறது. உங்களோடு பல மூட்டை உப்பைத் தின்று தீர்த்தவர் யாரோ அவரிடம் கொடுங்கள். புதிய நண்பர் பாராட்டுவார், அது பயன்படாது.

படிக்கக் கொடுக்கும்போது விளக்கம் எதுவும் சொல்லக் கூடாது. அவர் எழுதும் குறிப்புக்கு மறுமொழியும் சொல்லக் கூடாது. தொடர்ந்து இரண்டு மாதம் பெருக்கல் குறிகள் ஐந்துக்குள் இருந்து, அடங்கியிருந்தது உங்களுக்குப் பெரிய பாரமாகத் தோன்றவும் இல்லையானால், வேறு ஒரு குறைக்கு மாறலாம். எண்ணிக்கை குறைந்தும் பாரம் குறையவில்லை என்றால் அதே பக்கத்தில் தொடருங்கள்.

என் பத்தொன்பது நாள் தொடரைப் பெருமையோடு என் மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தவர், ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: ‘தொலைபேசியில் தம்பியிடம் கத்தியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.’ பழைய பதிவுகளைப் பார்த்து, பன்னிரண்டாம் நாளில் பெருக்கல் குறி இட்டேன்.